240 விடைத்தாள்: வரி வரியாகத் திருத்தத்தான் வேண்டுமா?

காட்பாடி_தமிழ்:
கல்லூரியில் பொதுத்தமிழ் எடுக்கிறேன். நான்கு வகுப்பு, வகுப்புக்கு 60 பேர். ஓர் இன்டர்னல் தேர்வு முடிந்தால் 240 தாள். தாளுக்கு ஐந்து நிமிடம் என்றாலே 20 மணி நேரம்; அசைன்மென்ட் தனி. அதனால் இந்தப் பருவத்தில் கட்டுரை வினாவுக்கு மட்டும் குறிப்பு எழுதுகிறேன், மற்றவற்றுக்கு வெறும் மார்க். ஒற்றுப்பிழை, ரகர றகரக் குழப்பம் மாதிரி பலரும் செய்யும் தவறுகளைக் கரும்பலகையில் ஒரே தடவை விளக்கிவிடுகிறேன்.

ஓட்டேரி_வாத்தியார்:
வெறும் மார்க் போடுவதை நான் ஏற்க மாட்டேன். வேலூர்ப் பக்கத்து ஊர்களான அணைக்கட்டு, ஒடுகத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகளில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகள். அவர்கள் எழுதியதைப் படித்துச் சொல்ல வேறு ஆள் கிடையாது. 10-க்கு 4 என்று போட்டால், மீதி 6 எங்கே போனது என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? கரும்பலகையில் இருப்பது தன் பிழை என்று அவன் எடுத்துக்கொள்ள மாட்டான்.

காட்பாடி_தமிழ்:
உண்மைதான் சார். ஆனால் 150-வது தாளில் ‘இன்னும் விரிவாக எழுதவும்’ என்கிறேன், 200-வதிலும் அதையேதான் எழுதுகிறேன். கை எழுதுகிறது, மனம் படிப்பதில்லை. அந்தக் குறிப்பால் யாருக்குப் பயன்?

சத்துவாச்சாரி_கணக்கு:
ஒரு மார்க் வினாவாகவே வைத்துவிடலாமே?

ஓட்டேரி_வாத்தியார்:
கூடாது. பல்கலைக்கழகத் தேர்வின் 75 மார்க்குக்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அதற்குப் பழகும் இடமே இந்த 25 மார்க் இன்டர்னல்தான்.

குடியாத்தம்_மாணவி:
போன வருஷம் ஒரு பாடத்தில் முதல் தேர்வுத் தாள், இரண்டாம் தேர்வு முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் நல்ல குறிப்புகள். ஆனால் அதே தவறுகளை இரண்டாம் தேர்விலும் எழுதிவிட்டு வந்திருந்தேன் சார்.

ஓட்டேரி_வாத்தியார்:
இதை மறுக்க முடியவில்லை அம்மா. சரி, இப்படிச் செய்யலாமா? பருவத்துக்கு மூன்று தேர்வு. ஒவ்வொன்றிலும் வகுப்புக்கு வெவ்வேறு 20 பேருக்கு மட்டும் முழுக் குறிப்பு. தாள் ஒரு வாரத்தில் திரும்பிவிட வேண்டும்.

காட்பாடி_தமிழ்:
ரொம்பப் பின்தங்கியவர் மூன்றாம் தேர்வு வரை காத்திருக்க நேருமே?

ஓட்டேரி_வாத்தியார்:
அவர்கள்தான் முதல் 20. பருவம் தொடங்கியதும் மார்க் இல்லாமல் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். யாருக்கு உதவி வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

காட்பாடி_தமிழ்:
240 அரைப் பக்கம். திருத்தாமல் படிக்க மட்டும்தானே? வரும் பருவத்தில் செய்து பார்க்கிறேன் சார்.