மரியா மீஸின் ஆய்வு நம் பீடித்தட்டுக்குப் பொருந்துமா?

பொருநைக்கரையான்:
ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் (1931–2023) 1960களில் புனேயில் ஜெர்மன் மொழி கற்பித்தவர். இந்தியப் பெண்களைப் பற்றிய ஆய்வுக்கே கொலோனில் முனைவர் பட்டம் பெற்று, அந்நகரிலேயே பேராசிரியராகவும் இருந்தார். ஆந்திரத்து நர்சாப்பூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய அவருடைய நூல் 1982இல் வெளிவந்தது. ஏற்றுமதிக்காகப் பின்னுகிற பெண்ணை, வீட்டு வேலை போக மிஞ்சிய நேரத்தைப் போக்குகிறவள் என்று கருதிவிட்டால் கூலியை அடிமட்டத்தில் வைத்திருக்க முடிகிறது, வணிகமும் ஆண்கள் கையில் தங்கிவிடுகிறது என்பது அதன் வாதம். நம் நெல்லை வட்டாரத்து முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

குறுக்குத்துறை வாசகர்:
‘அப்படியே’ என்பதைத்தான் மறுக்கிறேன், அண்ணாச்சி. பீடி இலையையும் புகையிலைத் தூளையும் வாங்கிச் சென்று வீட்டில் சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி உண்டென்பதை 1985இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. மீஸ் கண்ட லேஸ் பெண்களுக்கு இத்தகைய தனிச் சட்டம் ஏதுமில்லை. மேலும், ஒரு வட்டாரத்தில் கண்டதை 1986இல் வந்த மற்றொரு நூலில் உலக முதலாளியத்துக்கே பொது விதியாக அவர் விரித்த வேகம் எனக்கு உவப்பானதன்று.

மேலப்பாளையத்தாள்:
இருவரும் நம் ஊர் லேஸை மறந்துவிட்டீர்கள். நர்சாப்பூரில் மிஷனரிகள் கற்பித்ததைப் போலவே, இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். மீஸோடு முதலில் ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

பொருநைக்கரையான்:
நல்ல நினைவூட்டல், ஆனால் இன்று எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரியப் பீடிதான் காரணம் என்பதால் அதிலேயே நிற்கிறேன். சட்டம் வந்தது உண்மையே, வாசகரே. ஒருவர் பெயரில் மட்டும் தொழிலாளர் அட்டை இருக்க, தாயும் மகள்களும் சேர்ந்து ஆயிரம் பீடியை எட்டுகிறபோது, அட்டையில் இல்லாதவரின் உழைப்பு எந்தச் சட்டத்தில் வருகிறது? கொடுத்த இலை போதாமல் வெளியில் காசு கொடுத்து வாங்குவதும், பீடியை ஒப்படைக்கும் கடையில் சரியில்லை என்று கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி இழப்பதும் அவர்கள்தாம். உழைக்கும் இடமும் விளக்கும்கூட அவர்களுடையவையே. முதலாளியின் செலவு வீட்டுக்குள் கைமாறுகிற இந்த ஏற்பாட்டைத்தான் மீஸ் நர்சாப்பூரில் பார்த்தார்.

குறுக்குத்துறை வாசகர்:
அட்டையில் இல்லாத மகளைப் பற்றிய உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் கழிவையும் இலைக் குறைவையும் எதிர்த்துச் சங்கம் வழக்குத் தொடுக்க முடிவது, எதிரே பெயர் சொல்லக்கூடிய முதலாளி ஒருவர் சட்டப்படி இருப்பதால்தான். அந்தப் பிடிமானம் வீட்டிலிருந்து உழைப்பவருக்கும் வாய்க்கும் என்பதற்கு மீஸின் சட்டகத்தில் போதிய இடமில்லை. நம் வட்டாரத்தை ஆராய்கிறவர் அங்கிருந்து தொடங்கினால்தான் புதிதாக எதையேனும் சொல்ல முடியும்.