அனகோண்டா நம்ம சொல்தானா?

சேத்துமடைக்காரன்:
எங்கள் தோட்டத்துச் சாளைக்குப் பின்னால் நேற்று ஒரு மலைப்பாம்பு வந்து, வனத்துறை ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தர், அனகோண்டா என்பதே நம்ம வார்த்தைங்க, ஆனையைக் கொன்றதால் ஆனைகொன்றான், வெள்ளைக்காரன் திருடிக்கிட்டுப் போயிட்டான் என்று அடித்துப் பேசினார். ஆனால் அந்தப் பாம்பு இருப்பது அமேசான் பக்கம், அங்கே ஆனையே கிடையாது. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கோபி வாய்க்கால்மேடு:
திருட்டு இல்லைங்க, குழப்பம். பேர் கிளம்பின இடம் அமேசான் இல்லை, இலங்கை. 1693-ல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் லத்தீனில் எழுதிய புத்தகத்தில், ஹாலந்தின் லைடன் அருங்காட்சியகத்துப் பாம்புப் பட்டியலைப் பார்த்து, இலங்கைக்காரர்கள் 'அனகந்தையா' என்று சொல்லும் பாம்பு, எருமை முதலான கால்நடைகளை நொறுக்குவது என்று குறித்திருக்கிறார். கவனியுங்க, எருமை. ஆனைப் பேச்சே இல்லை. அப்புறம் 1768-ல் ஸ்காட்லாந்துப் பத்திரிகை ஒன்றில், இலங்கையில் அனகோண்டா ஒரு புலியைச் சுற்றி இறுக்கிக் கொன்றதாக ஒரு கதை வந்து பேர் பரவியது. இலங்கையில் ஏதுங்க புலி? அதெல்லாம் அங்கிருக்கிற மலைப்பாம்பை வைத்துக் கட்டியது. தென் அமெரிக்கப் பாம்புக்கு இந்தப் பேர் ஒட்டியது அதற்கும் பிறகுதான். இரண்டும் ஒரே இனம்கூட இல்லை, நம்ம மலைப்பாம்பு முட்டையிடும், அது குட்டி போடும்.

சேத்துமடைக்காரன்:
அப்போ ஆனைகொன்றான் சும்மாவா?

கோபி வாய்க்கால்மேடு:
சும்மா என்று தள்ளவும் முடியாது. ஹென்றி யூல் 1886-ல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இந்தத் தமிழ் மூலத்தைச் சொன்னார், ஆனால் ஊகமாகத்தான். இன்னொரு கட்சி, சிங்களத்து 'ஹெனகந்தயா' என்கிறது. ஹென என்றால் மின்னல், கந்த என்றால் தண்டு. வேடிக்கை என்னவென்றால் அது விரல் பருமனில் மரத்தில் தொங்குகிற, நம்ம கண்கொத்திப் பாம்பு வகையின் பேர். அது போய் மலைப்பாம்புக்கு மாறி விழுந்துவிட்டதாம். எனக்கு இதுதான் கொஞ்சம் பொருந்துகிறது, ரே எழுதிய 'கந்தையா'வைப் பாருங்க.

திருப்பூர் மருமகள்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். நாம் கொன்றான் என்பதைக் கொன்னான், கொன்னுபோட்டான் என்போம், அதில் 'ண்ட' எங்கே வருகிறது? அவர்கள்தான் என்று என்பதையே எண்டு என்பார்கள். அதனால் தமிழ்தான் என்று வைத்துக்கொண்டாலும் அது ஈழத்து வாய், ஆனைமலை வாய் இல்லை. மிளகுதண்ணி, கட்டுமரம், சுருட்டு என்று ஆங்கிலத்துக்கு நாம் சந்தேகமில்லாமல் கொடுத்த சொற்கள் இருக்கும்போது இதற்கு ஏன் இத்தனை சண்டை?

சேத்துமடைக்காரன்:
நன்றிங்க. அந்த மனுசரிடம் இலங்கை என்று சொல்லிப் பார்த்தேன், ராவணன் தமிழன்தானே என்று ஆரம்பித்துவிட்டார். பேர் எருமைக்காரனோ ஆனைக்காரனோ, எங்கள் பட்டியில் இன்று காலை எண்ணிப் பார்த்தால் ஆட்டுக்குட்டி ஒன்று குறைகிறது.