கால்பந்து நிர்வாகமா, கார் பந்தயமா: வழிகாட்ட வேண்டுகிறேன்

குழுவினருக்கு வணக்கம். திருமங்கலத்தில் வசிக்கிறேன். என் அக்காவின் மகள் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கால்பந்து ஆடி வளர்ந்தவள். அவள் சங்க நிர்வாகத்துக்கும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவள் தம்பி கார் பந்தயத்துக்கும் போக உறுதியாக இருக்கிறார்கள். ஃபிஃபாவும் கார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவும் 1904இல் பிறந்தவைதான் என்றாலும், உள்ளே நுழையும் வழிகள் வேறு. கோல்கீப்பராக ஆடிய கல்யாண் சௌபே 2022இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானதைப் போல, நிர்வாகத்துக்கு ஆடி முடித்த பிறகும் வரலாம். பந்தயத்திலோ சிறுவயதிலேயே கார்ட்டிங் எனும் சிறு கார் பந்தயத்தைத் தொடங்கியிருக்க வேண்டும், டயருக்கும் எஞ்சினுக்கும் பணம் கரைந்துகொண்டே இருக்கும், அதுவே எங்கள் பெரிய கவலை. பயிற்சித் தடங்கள் உள்ள கோவையும் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டையும் எங்களுக்குத் தொலைவு. மாவட்டச் சங்கத்தில் தொடங்க நடுவர் தேர்வு உதவுமா, அல்லது விளையாட்டு மேலாண்மைப் பட்டம் வேண்டுமா? தம்பி பந்தய அணியில் மெக்கானிக்காகச் சேர என்ன படிக்க வேண்டும்? இத்துறைகளில் இருப்பவர்கள் அருள்கூர்ந்து விரிவாக எழுதுங்கள்.