ஃபிஸ்டுலா கை வீங்கிவிட்டது, நாளை மறுபடி ஊசி குத்தலாமா?

செல்வி_கோவில்பட்டி:
அப்பாவுக்கு 61 வயது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். இடது முன்கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக்குழாய்களை இணைப்பது) போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. நேற்று மெஷினில் போட்டு இருபது நிமிடம்கூட ஆகவில்லை, இருமல் வந்து கையை மடக்கிவிட்டார். அலாரம் அடித்து, நர்ஸ் ஓடி வருவதற்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். இன்று மணிக்கட்டு வரை கத்தரிக்காய் நிறம். அப்பாவோ, "எப்பவும் குத்துற இடத்துலயே குத்தச் சொல்லு, அங்கதான் வலிக்காது" என்கிறார். அந்த இடம் ஏற்கெனவே புடைத்துக்கொண்டு இருக்கிறது. பேசாமல் கழுத்தில் ட்யூப் போடச் சொல்லிவிடலாமா?

ஒன்பதுவருட_டயாலிசிஸ்:
தங்கச்சி, முதலில் அப்பா கையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே பூனை உறுமுகிற மாதிரி அதிர்வு இருக்கிறதா? இருந்தால் பாதிப் பயம் போயிற்று. இல்லையென்றால் நாளை வரை காத்திருக்காதீர்கள், இப்போதே கிளம்புங்கள். முதல் நாள் துணியில் சுற்றி ஐஸ் விட்டுவிட்டு வைப்பார்கள், அப்புறம் வெதுவெதுப்பான ஒத்தடம்.

அப்பா சொல்வது பொய்யில்லை. திரும்பத் திரும்பக் குத்தினால் அந்த இடம் மரத்துப்போகும், வலிக்காது. ஆனால் ரத்தக்குழாயின் சுவரும் நைந்துபோய், பலூன் மாதிரி உப்பும். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் குத்திக்கொண்டேன். இப்போது என் கையில் இரண்டு மேடு. கல்யாண வீட்டுக்குக்கூட முழுக்கைச் சட்டைதான்.

இப்போது நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கையை வரைந்து, குத்திய இடத்தில் புள்ளி வைத்துவிடுவேன். அடுத்த முறை கொஞ்சம் தள்ளி. ஏணிப்படி ஏறுகிற மாதிரி மேலே போய், மறுபடி கீழிருந்து ஆரம்பிப்போம். புது டெக்னீசியன் வந்தால் தாளை நீட்டிவிடுவேன். சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும், கை என்னுடையது.

டெக்னீசியன்_மதுரை:
அண்ணன் சொன்னது சரி. நேற்று நடந்தது இதுதான்: ஊசி குழாயைத் துளைத்து வெளியே போயிருக்கிறது, திரும்பி வருகிற ரத்தம் சதைக்குள் இறங்கிவிட்டது. நாளை குத்துவதானால் வீக்கத்துக்கு மேலே, தோள் பக்கமாகத் தள்ளித்தான். பம்ப் ஓடுவதற்கு முன் சலைன் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வலியோ வீக்கமோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். வீக்கம் பெரிதாக இருந்தால் கைக்கு ஓய்வு கொடுக்கலாமா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கழுத்து ட்யூபுக்கு அவசரப்படாதீர்கள். அதில் கிருமி நேராக ரத்தத்துக்கே போகும்.

ஒரே துளையில் குத்துகிற 'பட்டன்ஹோல்' முறை வேறு. முனை மழுங்கிய ஊசி, ஒரே கோணம், ஒவ்வொரு முறையும் பொருக்கைச் சுத்தமாக எடுக்க வேண்டும். ஷிஃப்டுக்கு ஒருவர் மாறுகிற இடத்தில் அது சரிப்படாது, சீழ் பிடித்துவிடும்.

ஒரு கேள்வி. ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது?

செல்வி_கோவில்பட்டி:
அதிர்வு இருக்கிறது அண்ணே. முன்பு பத்து நிமிடத்தில் நின்றுவிடும். இந்த மாதம் அரை மணி நேரம் அழுத்திப் பிடிக்கிறோம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற ஹெப்பாரின் மருந்து கூடிவிட்டது என்று நினைத்தோம்.

டெக்னீசியன்_மதுரை:
ஹெப்பாரினாகவும் இருக்கலாம், குழாய் மேலே எங்காவது சுருங்கியும் இருக்கலாம். டாக்டரிடம் இதை முதலில் சொல்லி, ரத்த ஓட்டத்தைப் பார்க்கிற டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். புடைப்பின் மேல் தோல் மெலிந்து பளபளத்தாலோ, பொருக்கு ஆறாமல் இருந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். வீட்டில் ரத்தம் பீறிட்டால் விரலால் அழுத்தி, கையைத் தூக்கிப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

செல்வி_கோவில்பட்டி:
வியாழன் இரவு. போய் வந்தோம். சீனியர் சிஸ்டர் மேல்கை பக்கம் குத்தினார், நான்கு மணி நேரமும் ஓடியது. டாப்ளர் திங்கட்கிழமை. புது இடம் என்பதால் அப்பா கத்திய கத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் விழித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். கை வரையச் சொன்னால் கத்தரிக்காய் மாதிரி வரைந்து வைத்திருக்கிறார். புள்ளி மட்டும் சரியான இடத்தில் இருக்கிறது.