1996 மாஸி 1035 டிராக்டர் வாங்கலாமா? கலப்பையைத் தூக்கினால் லிஃப்ட் கை ஆடுகிறது

டெல்டாக்காரன்:
வணக்கம். ஆறு ஏக்கர் நெல். வாடகை வண்டிக்குக் காத்திருந்தே இரண்டு போகமாக நாற்று முற்றிவிட்டது. பக்கத்து ஊரில் 1996 மாடல் மாஸி 1035 ஒன்று, ஒன்றரை லட்சம் சொல்கிறார். ஒரே செல்ஃபில் எடுத்தது. ஆனால் ஒன்பது கொத்துக் கலப்பையைத் தூக்கி நிறுத்தினால், சில விநாடிக்கு ஒருமுறை அதைத் தூக்கும் லிஃப்ட் கை லேசாக இறங்கி வெடுக்கென்று ஏறுகிறது. இஞ்சினை நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் கலப்பை தரையில். ஆயில் மாற்றினால் சரியாகும் என்கிறார். நம்பலாமா?

பட்டறை அண்ணன்:
ஆயிலால் தீராது தம்பி. லிஃப்ட் சிலிண்டரில் ரிங் தேய்ந்தோ, வால்வு கசிந்தோ இருக்கும். அது செலவுதான், ஆனால் பெரிய பயம் வேறு. இந்த வண்டியில் கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். சேற்றுழவு ஓட்டிய வண்டி என்றால் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

காலையில் யாரும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போங்கள். முதலில் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பிவிடுங்கள். பிறகு கியர் பாக்ஸ் அடியில் ஆயில் வடிக்க இருக்கும் டிரெயின் போல்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் அடியில் தங்கும், அதுதான் முதலில் சொட்டும். ஸ்டார்ட் ஆனதும் இஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் இஞ்சின் வேலையும் உண்டு. மீட்டர் காட்டும் மணிக்கணக்கை நம்பவே வேண்டாம்.

வக்கீல் குமாஸ்தா:
ஆர்.சி.யையும் பாருங்கள். பதிவு 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய கடனுக்காக ஆர்.சி.யில் போட்ட எச்.பி. (அடமானப் பதிவு) நீக்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்கள் சித்தப்பா அதில் மாட்டி எட்டு மாதம் அலைந்தார்.

டெல்டாக்காரன்:
இன்று ஆறு மணிக்கே போனேன். இஞ்சின் ஜில்லென்று இருந்தது, மூடியில் புகையும் இல்லை. போல்டைத் தளர்த்தியதும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர், பின்னால் பால் காபி மாதிரி ஆயில். விற்பவர் முகமே மாறிவிட்டது.

பட்டறை அண்ணன்:
இஞ்சின் நல்லது என்றால் விடாதீர்கள். ஆனால் மேல் மூடியைக் கழற்றி பேரிங், கியர் பல்லெல்லாம் துரு ஏறியிருக்கிறதா என்று நம் மெக்கானிக் பார்க்கட்டும். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.