டிபிடி (புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர்) லைட் 60 கிலோமீற்றருக்கு ஒருக்கா மின்னுது, சுவிட்சை அமத்தினாலும் எரிச்சு முடியுதில்லை

கொட்பே லொறி:
இசுசு 4ஜேஜே1 டீசல் எஞ்சின், ஜப்பான் ரீகண்டிஷன், ஃப்ரீசர் லொறி. திருமலை கொட்பேயில் மீன் ஏற்றி டவுன், நிலாவெளி, கிண்ணியா என்று ஓடுது. கிழமையில் இரண்டு நாள் தம்புள்ளை. முந்தி 250, 300 கிலோமீற்றருக்கு ஒருமுறை சேர்ந்த கரியைத் தன்பாட்டில் எரித்துக்கொள்ளும். இப்ப 60 ஓடினதும் டிபிடி லைட் மெதுவாக மின்னுது. நிறுத்தி சுவிட்சை அமத்தினால் ஆர்பிஎம் ஏறுது, வெள்ளைப் புகை வருது, 35 நிமிஷம் போயும் லைட் அணையுதில்லை. டிப்ஸ்டிக்கில் ஒயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு சென்ரிமீற்றர். ஸ்கேனரில் பி2463 என்ற கோட் மட்டும். அடிக்கிறது ஒட்டோ டீசல், எஞ்சின் ஒயில் 15டபிள்யூ-40, சிஐ-4 தரம். கராஜில் ஃபில்டரை மாத்து, இல்லாட்டி வெட்டி உள்ளே இருக்கிறதை எடுத்துவிடு என்று சொல்லுறாங்க. என்ன செய்யலாம்?

சீனக்குடா டீசல்:
முதலில் ஒயில். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் இனி ஒருமுறையும் சுவிட்சை அமத்த வேண்டாம், தம்புள்ளைக்கும் அனுப்ப வேண்டாம். இந்த எஞ்சினில் சைலன்சருக்கென்று தனி இன்ஜெக்டர் இல்லை. எரிப்பதற்கான டீசலை சிலிண்டருக்குள்ளேயே பிந்தி அடிக்கிறது. எரிப்பு பாதியில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு பங்கு சுவரில் வழிந்து சம்புக்குள் (அடியில் ஒயில் நிற்கும் தட்டு) இறங்கும். ஒயில் தண்ணியாகிப் பெயாரிங் தேயும். மட்டம் மேலும் ஏறினால் எஞ்சின் அந்த ஒயிலையே இழுத்து எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும். ஒயிலையும் ஒயில் ஃபில்டரையும் மாற்றிவிட்டு மற்றதைப் பாருங்கோ.

பி2463 சொல்வது கரி கூடிவிட்டது என்று ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) நினைக்கிறது, அவ்வளவுதான். ஃபில்டர் பழுது என்று அது சொல்லவில்லை. உண்மையிலேயே கரி நிறைந்திருக்கலாம், அல்லது பிரஷர் சென்சர் பொய் சொல்லலாம். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் இவ்வளவையும் எடுத்துப் போடுங்கோ:

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சாவி மட்டும் ஓன் செய்து கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று, கற்றலிஸ்டுக்கு (ஃபில்டருக்கு முன்னால் டீசலை எரித்துச் சூடேற்றும் பகுதி) முன்னும் பின்னும் உள்ள எக்ஸோஸ்ட் சென்சர் இரண்டினதும் சூடு. திருமலையில் விடியற்காலை நாலும் 27, 30 பாகை என்று கிட்டக்கிட்ட நிற்க வேணும். ஒன்று மட்டும் 20 பாகை விலகி நின்றால் அந்த சென்சரில்தான் கோளாறு. அதே நிலையில் டிஃபரன்ஷியல் பிரஷர் (ஃபில்டரின் இரண்டு பக்கத்துக்கும் இடையிலான பிரஷர் வித்தியாசம்). எஞ்சின் ஓடாதபோது அது பூச்சியத்தில் நிற்க வேணும். பிறகு 20 கிலோமீற்றர் ஓடியபின் கூலன்ட் எத்தனை, சூடான ஐட்லிங்கில் பிரஷர் எத்தனை.

கொட்பே லொறி:
ஒயில் மாத்தியாச்சு. ஊற்றினதை விடக் கூட வழிந்து வந்தது, டீசல் வாசம் அப்படியே இருந்தது. காலை: கூலன்ட் 28, காற்று 29, எக்ஸோஸ்ட் முன் 29, பின் 31. எஞ்சின் ஓஃபில் பிரஷர் 1.6 கிலோ பாஸ்கல். கிண்ணியா போய் வந்தபின் கூலன்ட் 58. ஐட்லிங்கில் பிரஷர் 2.3. நேற்று எரித்தபோது பார்த்தது: முன் சென்சர் 190க்கு மேல் போகவில்லை, பின் 210.

சீனக்குடா டீசல்:
இரண்டு கோளாறு சேர்ந்து நிற்குது, அதனால்தான் கராஜில் ஃபில்டரில் பழி போட்டாங்க.

58 பாகைக்குப் பெரும்பாலும் காரணம் தேர்மோஸ்டட் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் வால்வு). திறந்தபடி இறுகியிருக்கும், அல்லது "சூடேறுது" என்று யாரோ கழற்றி வீசியிருப்பாங்க. எங்கட பக்கத்தில் இரண்டாவதுதான் கூட. ஹவுசிங்கைத் திறந்து பாருங்கோ. இந்த எஞ்சினுக்கு 80 பாகைக்குப் பக்கத்தில் திறக்கும் ஒன்றைப் போட்டால் ஓட்டத்தில் கூலன்ட் 80க்கு மேல் நிற்கும். எஞ்சின் சூடாகாதவரை பிந்திய இன்ஜெக்ஷனை ஈசியு முழுதாக விடாது, விட்ட டீசலும் சரியாக ஆவியாகாது. உங்கட வெள்ளைப் புகை அதுதான்.

எரிப்பில் முன் சென்சர் 250 தாண்டினால்தான் கற்றலிஸ்ட் வேலை தொடங்கும், பின் சென்சர் 550, 600க்குப் போய் நின்றால்தான் கரி எரியும். முன்னது ஏறாவிட்டால் எஞ்சின் சூடு, எக்ஸோஸ்ட் த்ரொட்டில் (எக்ஸோஸ்ட் பிரேக் வால்வு), உள்ளிழுக்கும் த்ரொட்டில் இவற்றில் கோளாறு. முன்னது ஏறியும் பின்னது ஏறாவிட்டால் கற்றலிஸ்ட் செத்துவிட்டது அல்லது டீசல் போய்ச் சேரவில்லை. இரண்டும் ஏறி, எரித்து முடிந்தும் பிரஷர் இறங்காவிட்டால் உள்ளே இருப்பது சாம்பல். அதை எத்தனை தரம் எரித்தும் போகாது. நீங்கள் நிற்பது முதலாவதில். சுவிட்சை அமத்தியதும் எக்ஸோஸ்ட் பிரேக் வால்வு மூடி சத்தம் அமுங்க வேணும். அமுங்காவிட்டால் அதன் வெற்றிடக் குழாயையும் தண்டு கரியில் இறுகியிருக்கா என்றும் பாருங்கோ.

கிண்ணியா வயரிங்:
அந்த 1.6ஐ விட வேண்டாம் நானா. ஓடாத எஞ்சினில் 1.6 காட்டுது என்றால் ஓடும்போதும் எப்பவும் 1.6 கூட்டித்தான் காட்டும். ஐட்லிங்கில் உண்மையான அளவு 0.7தான், அது நல்ல ஃபில்டர். பாதி கரி சேர முதலே ஈசியு நிறைந்துவிட்டது என்று எரிக்கச் சொல்லுது. 60 கிலோமீற்றர் கதை அங்கேதான்.

சென்சரின் ஹோஸ் இரண்டையும் கழற்றிப் பாருங்க. கழற்றினதும் பூச்சியத்துக்கு வந்தால் ஹோஸுக்குள் தண்ணீரோ கரியோ அடைத்திருக்கு. ஸ்டீல் குழாய்ப் பக்கம் காற்றடித்துத் துப்பரவாக்கலாம், சென்சர் பக்கம் காற்றடித்தால் உள்ளே இருக்கும் தகடு கிழிந்துவிடும். திரும்பப் போடும்போது ஹோஸ் மாறக் கூடாது. கழற்றியும் 1.6 நின்றால் கனெக்டருக்கு வாங்க. மீன் லொறியில் ஐஸ் உருகின உப்புத் தண்ணி சேசிஸ் வழியே ஒழுகி அதுக்குள்ளதான் போகும், கனெக்டரின் பின் (ஊசி) பச்சை பிடித்திருக்கும். மீற்றரில் ஒரு பின்னில் 5 வோல்ட் இருக்கா பாருங்க. எர்த் பின்னுக்கும் பற்றரி நெகட்டிவுக்கும் இடையில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த் கெட்டால் சிக்னல் வோல்ட்டேஜ் தூக்கும், ஈசியு அதைப் பிரஷர் என்று வாசிக்கும். வயர் சரியாக இருந்தால் மட்டும் சென்சரை மாத்துங்க, மாத்தினபின் ஸ்கேனரில் பூச்சியம் பதிய வேணும்.

கொட்பே லொறி:
தேர்மோஸ்டட் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை! கனெக்டரில் எர்த் பின் பச்சையாகி அரைவாசி தின்னுப்பட்டிருக்கு, 0.4 வோல்ட் காட்டுது. அப்ப ஃபில்டரை வெட்டத் தேவையில்லையா?

சீனக்குடா டீசல்:
வெட்டினால் பிரஷர் மிகக் குறைவு என்று வேறு கோட் வரும், பவர் குறையும், அதை மறைக்க ஈசியுவிலும் கைவைக்க வேணும். வருஷா வருஷம் புகைச் சான்றிதழ் இல்லாமல் வருமான உத்தரவுப்பத்திரமும் எடுக்க முடியாது. பின்னை மாற்றி, தேர்மோஸ்டட் போட்டு, கூலன்ட் 80 பிடித்தபின் ஒரேயொரு எரிப்பு. பெட்டி வெறுமையாக, காய்ந்த புல், ரெஜிஃபோம் பெட்டி, தகரக் கொட்டில் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெந்துத் தரையில். சைலன்சர் வாயில் வரும் காற்றே புல்லைப் பற்ற வைக்கும். 20 நிமிஷமளவில் முடிய வேணும். பின் சென்சர் 700ஐ நோக்கி ஏறினால் எஞ்சினை ஓஃப் செய்யாமல் எரிப்பை மட்டும் நிறுத்துங்கோ. அந்தச் சூட்டில் எஞ்சினை அணைத்தால் காற்றோட்டம் நின்று ஃபில்டர் உருகும்.

ஒயிலை சிஐ-4இலிருந்து டிஹெச்-2 அல்லது சிஜே-4 தரத்துக்கு மாற்றுங்கோ, சாம்பல் குறைவு. சுப்பர் டீசல் கட்டுப்படியானால் நல்லது, கந்தகம் குறைந்தால் கற்றலிஸ்ட் நீடிக்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் ஒயிலுக்குப் போடுங்கோ.

கிண்ணியா வயரிங்:
புதுப் பின் போட்டதும் கனெக்டருக்குள் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (தண்ணி புகாமல் காக்கும், மின்சாரம் கடத்தாத கிரீஸ்) வைத்து, வாய் கீழ்ப்பக்கம் பார்க்கக் கட்டுங்க நானா. பெட்டியின் தண்ணிக் குழாயையும் சேசிஸுக்கு வெளியே ஒரு அடி நீட்டிவிடுங்க.