சுமேரிய ‘ஊர்’ நம்ம ஊரா?

பேரூரான்:
ஈராக்கில் 1922 முதல் 1934 வரை தொல்லியலாளர் லெனார்ட் வூலி தோண்டிய நகரத்தின் பெயர் ஊர். அங்கே பழங்காலத்தில் வாழ்ந்த சுமேரியர் நகரத்தையே ‘உரு’ என்றார்கள். பேரூர், சூலூர், சேவூர், கரூர் என்று திரும்பின பக்கமெல்லாம் ஊராக வைத்திருக்கிற நமக்கு, அது யார் சொல் என்று இன்னொருவர் சொல்ல வேண்டுமா? ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று.

தாளவாடிக்காரி:
ஏனுங்ணா, அந்த நகரத்துக்குச் சுமேரியப் பெயர் ‘உரிம்’. கடைசி மகரத்தை எங்கே விட்டீர்கள்? பாஸ்க் மொழியில் ‘உர்’ தண்ணீர். ஹங்கேரியில் ‘ஊர்’ என்றால் ஐயா, பெரிய மனிதர். எபிரேயத்தில் தீச்சுடர். இத்தனை சின்னச் சொல் உலகத்தில் எங்காவது முட்டிக்கொள்ளத்தான் செய்யும். தமிழிலேயே எறும்பு ஊர்கிறதே, அது எந்த ஊர்?

உறவு என்றால் வரிசையாக வரவேண்டும். எங்கள் பக்கம் கடைவீதியில் பாதிப் பேச்சு கன்னடம். பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’, பள்ளி ‘ஹள்ளி’. பகரம் ஹகரமாவது ஒரு சொல்லோடு நிற்கவில்லை, பாருங்கள். சுமேரியத்தில் இப்படி நாலு காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பனியன்காரன்:
நடுவில் ஒன்று சொல்லிக்கிறேன். சரக்கு வாங்குகிற ஜெர்மன் பையர் ஒருவர் போனில் ‘ட்ரை ஊர்’ என்றார். ட்ரை என்றால் மூன்று என்று தெரியும். டைரியில் ‘3 ஊருக்கு டெலிவரி’ என்று எழுதிவிட்டேன். அவர் சொன்னது மூன்று மணி!

தாளவாடிக்காரி:
அதுதான் வேடிக்கை. அந்த ஜெர்மன் சொல் லத்தீன் ‘ஹோரா’விலிருந்து வந்தது, அதற்கு மூலம் கிரேக்கம். அதே கிரேக்கச் சொல் சமஸ்கிருதம் வழியாக நம் பஞ்சாங்கத்தில் ஒரு மணி நேரத்தைக் குறிக்கிற ‘ஓரை’யாக உட்கார்ந்திருக்கிறது. ஒரே மாதிரி கேட்கிற ஊர் சொந்தமில்லை, மாதிரியே தெரியாத ஓரை சொந்தம்.

பேரூரான்:
இங்கேதான் நிறுத்த வேண்டும் அம்மணி. தொல்காப்பியத்திலேயே ‘ஓரையும் நாளும்’ என்று வருகிறது. சங்கப் பாட்டில் பெண்பிள்ளைகள் ஆடுகிற விளையாட்டுக்கும் ஓரை என்று பெயர். அதையும் கிரேக்கனுக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா?

தாளவாடிக்காரி:
விளையாட்டு ஓரை நம்முடையதுதான், யாரும் கேட்கவில்லை. அது வேறு சொல். நாள் பார்க்கிற ஓரை கிரேக்கத்திலிருந்து வந்த சொல் என்பதைச் சான்றாக வைத்துத்தான் தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை தொல்காப்பியத்தின் காலத்தையே பிற்காலத்துக்கு இறக்கினார்.

பேரூரான்:
அவரை இழுத்தால் பேச்சு விடியாது. ஊருக்கு நாலு சொல் தேடி வருகிறேன், நேரம் கொடுங்கள். ஓரையை மட்டும் விடமாட்டேன்.

பனியன்காரன்:
தேடுங்க. எங்கள் அப்பாரு வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்குச் சுக்கிர ஓரையில்தான் போர்வெல் போட வேண்டும் என்கிறார். திருச்செங்கோட்டு போர் வண்டிக்காரர் 8 மணிக்கு முன்னால் வரமுடியாது என்கிறார். இதை அப்பாருகிட்ட எந்த மொழியில் சொல்றதுங்க?